ஆபீஸ் பீரோவில் இருக்கும் சிடிகளை எல்லாக் கம்ப்யூட்டரிலும் திறப்பது எப்படி?

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தின் ஆபீஸைக் கவனித்துக்கொள்ளும் ஒருவர் கேட்டிருக்கிறார்: எட்டு கம்ப்யூட்டர்கள் ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றன. பீரோவில் நாற்பது சிடிகள் வரை சேர்ந்திருக்கின்றன. ஷேவிங் மிஷின், ஸ்ப்ளிட்டிங் மிஷின் முதலியவற்றின் உதிரிபாகப் பட்டியல்கள், கெமிக்கல் கம்பெனிகள் கொடுத்த டையிங் குறிப்புகள், சுங்கச் சட்டத் தொகுப்புகள், பழைய வருஷங்களின் கணக்கு பேக்கப் என்று பல வகை. புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர் எதிலும் சிடி டிரைவ் இல்லை. ஸ்டோரில் இருக்கும் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கிறது. அந்த ஒரு டிரைவை எல்லோருக்கும் ஷேர் செய்துவிட முடியுமா, அதற்குத் தனியாக சாஃப்ட்வேர் வேண்டுமா?

முடியும். டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து ஷேரிங் கொடுக்கும் வசதி விண்டோஸிலேயே இருக்கிறது, தனி சாஃப்ட்வேர் தேவையில்லை. ஆனாலும் அந்த வழியில் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஒவ்வொரு சிடியையும் ஒரே ஒரு முறை இமேஜ் ஃபைலாக, அதாவது சிடி முழுவதும் அப்படியே அடங்கிய ஒரே ஃபைலாக எடுத்து ஹார்ட் டிஸ்கில் போட்டுவிடுங்கள். அந்த இமேஜை அவரவர் மேசையில் ஒரு விர்ச்சுவல் டிரைவில் (சாஃப்ட்வேர் உருவாக்கும் போலி சிடி டிரைவ்) ஏற்றிப் பார்த்துக்கொள்ளலாம். சாஃப்ட்வேர் தேவைப்படுவது இந்த வேலைக்குத்தான். வேலூர், ராணிப்பேட்டை பக்கம் ஆபீஸ் நெட்வொர்க் வேலைதான் என் தொழில். உங்களைப் போன்ற ஆபீஸ்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

டிரைவை ஷேர் செய்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். ஷேவிங் மிஷினில் கத்தி உருளையின் பேரிங் போய்விட்டது. ஃபிட்டர் ஸ்டோர் ஜன்னலில் வந்து நிற்கிறார், பார்ட் நம்பர் வேண்டும். ஸ்டோர் கீப்பர் பட்டியலைத் திறக்கிறார். அதே நேரம் பர்ச்சேஸில் ஒருவர் அதே சிடியில் வேறொரு படத்தைத் திறக்கிறார். டிரைவுக்குள் இருப்பது ஒரே ஒரு லேசர் தலை. அது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்ந்து படிக்க ஏறக்குறைய 100 மில்லிசெகண்ட் ஆகும். ஹார்ட் டிஸ்கில் அது 10 மில்லிசெகண்ட் அளவுதான். இரண்டு பேர் சேர்ந்து கேட்டால், படிக்கிற நேரத்தைவிட அங்குமிங்கும் ஓடுகிற நேரம்தான் அதிகம். டிரைவ் கர் கர் என்று சத்தம் போடும், இரண்டு திரையிலும் மணல் கடிகாரம் நிற்கும். கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் சிடி சுற்றுவதை நிறுத்திவிடும். அடுத்த ஆள் கேட்கும்போது மறுபடி வேகம் பிடிக்கச் சில விநாடிகள் ஆகும். இவ்வளவும் சரியான சிடி உள்ளே இருந்தால். அக்கவுண்ட்ஸ்காரர் வேறு சிடியை மாற்றிவைத்திருந்தால் அதுவும் இல்லை.

வேகக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சிடி டிரைவின் அடிப்படை வேகம் விநாடிக்கு 150 கிலோபைட். 52 எக்ஸ் என்று போட்டிருந்தால் அதிகபட்சம் 7.8 மெகாபைட், அதுவும் தகட்டின் வெளி ஓரத்தில் மட்டும்தான் கிடைக்கும். உங்கள் நெட்வொர்க் பழைய 100 மெகாபிட் ஸ்விட்ச்சில் ஓடினாலும் விநாடிக்கு 12.5 மெகாபைட் வரை இடம் உண்டு. கிகாபிட் என்றால் அதைப்போல் பத்து மடங்கு. ஆக, கேபிளில் தாராளமாக இடம் இருக்கிறது, நெருக்கடி டிரைவில்தான். 1990-களில் நிலைமை வேறு. அப்போது நெட்வொர்க்கே 10 மெகாபிட். பெரிய நூலகங்களும் மருத்துவக் கல்லூரிகளும் ஒரே பெட்டியில் ஏழு டிரைவ் அடுக்கிய சிடி டவர்களை வாங்கின. டிரைவ்களைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஒரு ஸ்கஸி கார்டில் ஏழு சாதனங்கள்தான் மாட்ட முடியும் என்பதால் அந்த ஏழு. ஹார்ட் டிஸ்க் விலை இறங்கியதும், சிடியையே டிஸ்கில் ஏற்றிவிடலாம் என்று விர்ச்சுவல் சிடி, டீமன் டூல்ஸ் போன்ற சாஃப்ட்வேர்கள் வந்தன. டவர்களுக்கு வேலை இல்லாமல் போனது.

உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. டிரைவ் இருப்பது எக்ஸ்பி கம்ப்யூட்டரில். எக்ஸ்பிக்குத் தெரிந்த ஷேரிங் முறை எஸ்எம்பி 1 மட்டும். விண்டோஸ் 10-இல் 2017 இறுதியில் வந்த பதிப்பிலிருந்து அதை மைக்ரோசாஃப்ட் தானாகவே நிறுவுவதில்லை. அதே ஆண்டு மே மாதம் வான்னாக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது அந்த எஸ்எம்பி 1-இன் ஓட்டை வழியாகத்தான். 'புது கம்ப்யூட்டர்களில் எஸ்எம்பி 1-ஐ ஆன் செய்துவிடுங்கள், எக்ஸ்பி தெரிந்துவிடும்' என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். ஒரு பட்டியல் சிடிக்காக ஆபீஸ் முழுவதையும் திறந்துவைக்கக் கூடாது. எக்ஸ்பி பெட்டியை நெட்வொர்க்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அதில் தேவைப்படும் இமேஜ்களைப் பென் டிரைவில் கொண்டுபோய்ப் போட்டுக்கொள்ளலாம்.

சரி, இமேஜ் எதற்கு, சிடியில் இருப்பதை அப்படியே ஒரு ஃபோல்டரில் காப்பி செய்து ஷேர் செய்தால் ஆகாதா என்று கேட்பீர்கள். வெறும் பிடிஎஃப், எக்ஸெல், படங்கள் மட்டும் இருக்கும் சிடிக்கு அது தாராளமாக ஆகும். அதற்குப் போய் இமேஜ் எடுத்துக் கஷ்டப்பட வேண்டாம். ஆனால் உதிரிபாகப் பட்டியல் போன்றவற்றில் ஒரு புரோகிராமும் சேர்ந்து வரும். அது திறக்கும்போதே இரண்டு விஷயங்களைச் சரிபார்க்கும்: இந்த டிரைவ் சிடி டிரைவ்தானா, சிடியின் லேபிள் பெயர் சரியா. ஃபோல்டரை மேப் செய்து ஒரு டிரைவ் எழுத்து கொடுத்தாலும் விண்டோஸ் அதை நெட்வொர்க் டிரைவ் என்றுதான் சொல்லும். உடனே 'சிடியைச் செருகவும்' என்று பெட்டி வந்து நிற்கும். விர்ச்சுவல் டிரைவில் இமேஜை ஏற்றினால் விண்டோஸின் கண்ணுக்கு அது அசல் சிடி டிரைவ், லேபிளும் அசலானது. பெரும்பாலான புரோகிராம்கள் சந்தேகப்படாமல் திறந்துகொள்ளும்.

இமேஜ் எடுப்பதற்கு யுஎஸ்பியில் மாட்டும் டிவிடி ரைட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டோர் கம்ப்யூட்டரின் டிரைவில் எத்தனை வருஷத் தூசி இருக்கிறதோ, அதை நம்ப வேண்டாம். இம்ஜ்பர்ன் என்ற இலவச சாஃப்ட்வேர் இந்த வேலைக்குப் போதும். நிறுவும்போது கூடவே வேறு எதையாவது சேர்க்கட்டுமா என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். சிடியிலிருந்து இமேஜ் உருவாக்கு என்பதைத் தேர்ந்தெடுத்தால், நல்ல சிடி சில நிமிடங்களில் ஐஎஸ்ஓ என்ற வகை இமேஜ் ஃபைலாகிவிடும். ஒரு சிடியின் அளவு 650 அல்லது 700 மெகாபைட். நாற்பது சிடியும் நிறைந்திருந்தால்கூட மொத்தம் 28 ஜிபிதான். பாட்டும் டேட்டாவும் கலந்த சிடி இருந்தால் ஐஎஸ்ஓ போதாது, பின்-க்யூ என்ற இரட்டை ஃபைல் வடிவம் வேண்டும். பல தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதிய சிடிகளை ஐஎஸ்ஓ சரியாகத் தாங்காது. அவற்றை ஃபோல்டராகக் காப்பி செய்வதே நல்லது.

ஒவ்வொரு சிடிக்கும் ஒரு ஃபோல்டர் வைத்து, இமேஜுடன் சிடியின் முகப்பையும் கவரின் இருபுறத்தையும் போனில் படம் எடுத்துப் போட்டுவிடுங்கள். நிறுவும் எண் கவரின் பின்னால் ஒரு சின்ன ஸ்டிக்கரில்தான் இருக்கும். கவர் தொலைந்தால் சிடி இருந்தும் பயன் இல்லை. நிறைய ஆபீஸ்களில் நான் பார்க்கும் நிலைமை இது.

இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்ல எனக்கு ஒரு வலுவான காரணம் இருக்கிறது. கம்பெனி அச்சடித்துத் தரும் சிடி வேறு, ஆபீஸில் எழுதிய சிடி வேறு. அச்சடித்ததில் தகவல் பிளாஸ்டிக்கில் குழிகளாகப் பதிந்திருக்கும். நாம் எழுதும் சிடி-ஆரில் தகவல் நிற்பது ஒரு சாயப் பூச்சில். சூடும் வெளிச்சமும் பட்டால் சாயம் என்ன ஆகும் என்று தோல் தொழிலில் இருப்பவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊர் மே மாத வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. மேற்குச் சுவரை ஒட்டிய இரும்பு பீரோ, ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும் ஆபீஸ், உள்ளே என்ன சூடு இருக்கும் என்று யோசித்துப்பாருங்கள். உங்கள் கணக்கு பேக்கப் எல்லாம் இந்த வகைச் சிடிதான். அவற்றிலிருந்து ஆரம்பியுங்கள்.

எல்லோரும் சிடியின் அடிப்பக்கத்தைத்தான் பத்திரமாகப் பார்த்துக்கொள்வார்கள். உண்மையில் மேல்பக்கம்தான் ஆபத்தானது. அடியில் 1.2 மில்லிமீட்டர் கனத்துக்குப் பிளாஸ்டிக் இருக்கிறது, லேசான கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டுக்கூடச் சரிசெய்துவிடலாம். தகவல் அடுக்கும் பளபளப்புப் பூச்சும் லேபிளுக்கு நேர் கீழே, மெல்லிய வார்னிஷுக்கு அடியில் இருக்கின்றன. அங்கே பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால், ஒட்டிய லேபிளைப் பிய்த்தால், தகவலே உரிந்து வந்துவிடும். சிடியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசி முனை அளவில் வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தில் பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். துடைக்கும்போது மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால், விழும் கீறல் தகவல் ஓடும் திசையிலேயே நீளமாக விழும். டிரைவின் பிழைதிருத்தக் கணக்கால் அதைச் சமாளிக்க முடியாது.

படிக்காத சிடியைப் படிக்கவே படிக்காது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வேறொரு கம்பெனி தயாரித்த டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் மறுக்கும் சிடியை இன்னொன்று படித்துவிடுவது அடிக்கடி நடக்கும். வேகத்தைக் குறைத்துப் படிப்பதும் உதவும். அதற்கும் மசியாவிட்டால், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவி இருக்கிறது. அது முதல் சுற்றில் நல்ல பகுதிகளை எல்லாம் வேகமாக எடுத்துக்கொள்ளும், மோசமான பகுதிகளைக் குறித்துவைத்துக்கொண்டு அடுத்தடுத்த சுற்றுகளில் அங்கே மட்டும் திரும்பத் திரும்ப முயலும். எங்கே நின்றது என்ற குறிப்பும் ஒரு ஃபைலில் இருப்பதால், பாதியில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வேறொரு டிரைவை மாட்டி அதே குறிப்புடன் தொடர்ந்தால், முதல் டிரைவ் விட்டதை இரண்டாவது பிடித்துவிடும் வாய்ப்பும் உண்டு.

அடுத்து, இமேஜ்களை எங்கே வைப்பது? நல்ல நிலையில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டரே போதும், சர்வர் வாங்க வேண்டாம். விண்டோஸ் 10, 11-இல் ஒரே நேரத்தில் 20 இணைப்புகள் வரை ஷேரிங் தாங்கும், உங்களிடம் இருப்பது எட்டுதான். அதை யுபிஎஸ்ஸில் மாட்டி, வைஃபையில் விடாமல் கேபிளில் இணையுங்கள். ஒரே ஒரு ஷேர் ஃபோல்டர், அதற்குப் படிக்க மட்டும் அனுமதி. எல்லோருக்கும் முழு அனுமதி கொடுத்து ஷேர் செய்யும் பழக்கம் நம் பக்கம் நிறைய இருக்கிறது. ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் ஏதோ ஒரு மேசையில் மெயில் வழியாக நுழைந்தால், அந்தப் பயனருக்கு எழுத அனுமதி உள்ள எல்லா ஷேர்களையும் அது பூட்டிவிடும். படிக்க மட்டும் அனுமதி இருந்தால் அந்த மேசையிலிருந்து உங்கள் இமேஜ்களில் கைவைக்க முடியாது. அதற்கென்று ஒரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் உருவாக்கிக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் பாஸ்வேர்டு இல்லாத விருந்தினர் நுழைவை அடைத்துவிட்டதால், இல்லாவிட்டாலும் பின்னால் அங்கேதான் வந்து நிற்பீர்கள்.

மேசைகளில் விண்டோஸ் 8-க்குப் பிறகு வந்த எல்லாவற்றிலும் ஐஎஸ்ஓ ஃபைலை இரட்டைக் கிளிக் செய்தாலே விர்ச்சுவல் டிரைவாக ஏறிவிடும். இமேஜ் இருக்கும் ஃபோல்டரைக் கம்ப்ரெஸ் செய்து வைத்திருந்தால் மட்டும் பிழை காட்டும். ஆனால் விண்டோஸின் சொந்த வசதியில் இரண்டு குறைகள்: கம்ப்யூட்டரை நிறுத்தி ஆரம்பித்தால் டிரைவ் காணாமல் போகும், ஐஎஸ்ஓ தவிர மற்ற வடிவங்களைத் தொடாது. தினமும் வேண்டிய சிடிகளுக்கு வின்சிடிஇமு என்ற சாஃப்ட்வேர் போட்டுக்கொள்ளுங்கள். இலவசம், பின்-க்யூவையும் ஏற்கும், மறுதொடக்கத்துக்குப் பிறகும் டிரைவை வைத்திருக்கும் தேர்வு அதில் உண்டு. டிரைவ் எழுத்தை எல்லா மேசையிலும் ஒன்றாகவே வையுங்கள். பழைய புரோகிராம்கள் தாங்கள் எந்த எழுத்திலிருந்து நிறுவப்பட்டோம் என்று குறித்துவைத்துக்கொண்டு, பிறகு அங்கேயே தேடும். ஸ்டோரில் எக்ஸ் டிரைவ், பர்ச்சேஸில் எஃப் டிரைவ் என்று இருந்தால் தினம் ஒரு போன் வரும். நெட்வொர்க் எழுந்திருப்பதற்கு முன்பே டிரைவ் ஏறப் பார்த்துத் தோற்றுப்போகிறது என்றால், அதிகம் பயன்படும் ஓரிரு இமேஜ்களை அந்தந்த மேசையின் டிஸ்கிலேயே காப்பி செய்துவிடுங்கள். 700 மெகாபைட் இன்று ஒரு பொருட்டே இல்லை.

கெமிக்கல் கம்பெனி சிடிகளில் சிஎச்எம் என்று முடியும் உதவி ஃபைல்கள் இருக்கலாம். ஷேர் ஃபோல்டரிலிருந்து திறந்தால் இடதுபக்கம் தலைப்புகள் எல்லாம் வரும், வலதுபக்கம் வெறுமையாக இருக்கும். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். கெடவில்லை, 2005-இல் வந்த ஒரு பாதுகாப்பு மாற்றத்திலிருந்து, நெட்வொர்க்கில் இருக்கும் அந்த வகை ஃபைல்களின் உள்ளடக்கத்தை விண்டோஸ் காட்டுவதில்லை. விர்ச்சுவல் டிரைவில் ஏற்றித் திறந்தால் அது உள்ளூர் டிரைவாகக் கணக்கில் வருவதால் சரியாகத் தெரியும்.

சில சிடிகள் இதையெல்லாம் செய்தும் ஓடாது. 1990-களின் 16 பிட் புரோகிராம் என்றால் இன்றைய 64 பிட் விண்டோஸில் வழியே இல்லை. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை நம்பி எழுதிய பட்டியல்களும் தகராறு செய்யும். 2022 ஜூனில் அதை ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இவற்றுக்கு, கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை உருவாக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற சாஃப்ட்வேரைப் போட்டு, உள்ளே உங்களிடம் லைசென்ஸ் இருக்கும் பழைய விண்டோஸ் ஒன்றை நிறுவுங்கள். நெட்வொர்க் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஐஎஸ்ஓவை அதன் சிடி டிரைவில் நேரடியாகக் கொடுத்தால் போதும். ஸ்டோரில் அந்த எக்ஸ்பி பெட்டியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் காரணமும் இதோடு போய்விடும். மிஷின் பட்டியல் என்றால் இன்னொரு சுலபமான வழியும் உண்டு: மிஷினின் சீரியல் நம்பரைப் போட்டுத் தயாரிப்பாளருக்கு ஒரு மெயில் அனுப்புங்கள். பிடிஎஃப் ஆகவே அனுப்பிவிடுவார்கள் பலர்.

சுங்கச் சட்டச் சிடிகளைப் பொறுத்தவரை, பழைய வழக்கோ நோட்டீஸோ நிலுவையில் இல்லாவிட்டால் நேரத்தைச் செலவிடாதீர்கள். வரி விகிதம் ஒவ்வொரு பட்ஜெட்டிலும் மாறுகிறது. கலால் வரித் தொகுப்பு என்றால், 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்ததோடு பெரும்பாலும் பழங்கதையாகிவிட்டது.

கணக்கு பேக்கப் விஷயம் வேறு. கம்பெனிச் சட்டப்படி எட்டு நிதியாண்டுகளின் கணக்குப் புத்தகங்களை வைத்திருக்க வேண்டும். அவற்றை ஃபோல்டராகக் காப்பி செய்து, பொது ஷேரில் போடாமல், அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கும் முதலாளிக்கும் மட்டும் அனுமதியுள்ள தனி இடத்தில் வையுங்கள். இன்னொரு பிரதி எக்ஸ்டர்னல் டிஸ்கில், ஆபீஸுக்கு வெளியே இருக்கட்டும்.

கடைசியாக லைசென்ஸ். பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 52-ஆம் பிரிவு, முறையாக வாங்கிய கம்ப்யூட்டர் புரோகிராமைத் தொலைந்துபோகாமல் இருக்க பேக்கப் எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறது. ஒருவர் பயன்படுத்த வாங்கியதை எட்டுப் பேருக்குத் திறந்துவிடும் உரிமையை அது தரவில்லை. காப்பி செய்வதைத் தடுக்கும் பூட்டு போட்ட சிடியை உடைத்து எடுப்பதும் 2012 திருத்தத்துக்குப் பிறகு குற்றமாகலாம். மிஷினோடு வந்த பட்டியலுக்குப் பொதுவாகத் தகராறு இருக்காது. சட்டத் தொகுப்புகள் போன்று விலைக்கு வாங்கியவற்றின் ஒப்பந்தத்தைப் படியுங்கள். ஒரே பயனர் என்று இருந்தால் ஒரே மேசையில் மட்டும் இமேஜை வையுங்கள், அல்லது நெட்வொர்க் லைசென்ஸ் எவ்வளவு என்று விற்றவரிடம் கேளுங்கள்.

அப்படிக் கேட்டு எழுதும்போது நம் பக்கத்து நிறுவனங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1989-இல் வட ஆற்காடு பிரிந்தபோது நம் பகுதி வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். 1996-இல் வேலூர் மாவட்டம் ஆனது. 2019-இல் ராணிப்பேட்டை தனி மாவட்டமாயிற்று. உங்கள் சிடி 1995-இல் வாங்கியது என்றால் விற்றவரின் பதிவேட்டில் பழைய மாவட்டப் பெயர்தான் இருக்கும். மெயிலில் பழைய விலாசம், புது விலாசம் இரண்டையும், இருந்தால் பில் நம்பரையும் எழுதிவிடுங்கள். தேடிக் கண்டுபிடிப்பது அவர்களுக்குச் சுலபமாக இருக்கும்.